புறப்படுமுன் எடுத்த படம்

"தாடையில என்ன, பாசியா?" என்று கேட்டார் ரெஜீனா ஆதமவ்னா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"பெரிய காரியத்துக்குக் கிளம்புற அன்னைக்குக் காலையில முகத்துல பிளேடு படக் கூடாதுங்க, ஆதமவ்னா. முந்தின நாளே மழிச்சிரணும். மறந்துட்டா தாடியோடதான் போகணும். விமானப்படையில இது சட்டம்."

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இருக்கறதை எவன் மதிச்சான்? இது எழுதாத சட்டம். அதனாலதான் எல்லாரும் கேட்டாங்க."

மிரோன் பதினெட்டு வருடம் இல்-76 ராணுவப் போக்குவரத்து விமானத்தில் வால் துப்பாக்கிக்காரனாக இருந்தவன். மற்றவர்கள் எல்லாம் முன்னால் கூடி உட்கார்ந்து தேநீர் குடிக்க, இவன் மட்டும் கடைக்கோடியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், பின்பக்கம் பார்த்தபடி. விமானம் எங்கே போகிறது என்று ஒருநாளும் அவனுக்குத் தெரிந்ததில்லை. எங்கிருந்து கிளம்பியது என்பது மட்டும் அத்துப்படி. துப்பறிகிறவனுக்கு அது போதும் என்று சொல்லித்தான் ரெஜீனாவிடம் வேலை கேட்டான். மிலித்சியா என்கிற காவல்துறையில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, மேலதிகாரியின் மைத்துனனைக் கைது செய்த குற்றத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த ரெஜீனா, சிரிக்காமல் அவனைச் சேர்த்துக்கொண்டார்.

பின் இருக்கையில் தைசியா உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு ஜாடி உப்புக் காளானோடு. கட்டணம் என்று கொண்டுவந்தது. ரெஜீனா வேண்டாம் என்றுவிட்டார். திருப்பிக் கொண்டுபோக தைசியாவுக்கு மனம் வரவில்லை. ஆகையால் ஜாடியும் வழக்கோடு சேர்ந்து ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

"மத்தியானம் துணியை விலக்கிடுவாங்க," என்றார் தைசியா. "கல்லுல வெட்டினதை அப்புறம் யாரு அழிப்பா?"

விஷயம் இதுதான். வீத்தெப்ஸ்க் நகரத்தைத் தாண்டி ஸரேச்யே என்கிற படைக் குடியிருப்பில், ஓய்வுபெற்ற இல்-76 ஒன்றைக் கான்கிரீட் மேடையில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு கல்லும் நட்டிருந்தார்கள். ஆப்கன் போர்க் காலத்தில் கந்தஹாரிலிருந்து குண்டுமழைக்கு நடுவே காயம்பட்ட வீரர்களை வயிறு நிறைய ஏற்றி இந்த விமானம் தாஷ்கண்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததாம். அதை ஓட்டிய தலைமை விமானி வலேரியான் பாவ்லவிச் ஸெலின்ஸ்கி. கல் அப்படித்தான் சொல்கிறது. ஓட்டியது தன் கணவர் அர்சேனி குஸ்மிச் என்கிறார் தைசியா. ராணுவக் கோப்போ, அர்சேனி குஸ்மிச் அன்று குடித்துவிட்டுப் பணிக்கே வரவில்லை, அதனால் பதவி நீக்கப்பட்டார் என்கிறது.

"அவரு வேலை போனது போகட்டும்," என்றார் தைசியா. "என் பையன் விமானப் பள்ளிக்கு மனுப் போட்டான். குடிகாரன் மகனுக்கு இங்க இடமில்லைன்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. இப்ப மின்ஸ்க்ல பஸ் ஓட்டறான். அப்பாகிட்டப் பேசறதே இல்லை."

ரெஜீனா மடியிலிருந்த புகைப்படத்தை மிரோனிடம் நீட்டினார். ஸெலின்ஸ்கி தன் வீரத்துக்குச் சாட்சியாகப் பத்திரிகைக்குக் கொடுத்த படம் அது. தாஷ்கண்ட் விமானதளம், இல்-76இன் மூக்கு, அதன் கீழே தோளில் தோள் உரச நிற்கும் விமானக் குழு. எல்லோர் முகத்திலும் முள்முள்ளாகத் தாடி. நடுவில் ஸெலின்ஸ்கி மட்டும் தொப்பி விளிம்பு மின்ன, கன்னம் பளபளக்க, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"கிளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்ததாம்," என்றார் தைசியா. "இதுல எங்க வீட்டுக்காரர் இல்லை. அதனால அவர் போகவே இல்லைன்னு ஆயிடுச்சு."

"இதுல இருக்கறவங்க வாய் திறக்க மாட்டாங்களா?" என்றார் ரெஜீனா.

"ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டார். ரெண்டு பேர் எங்கேயோ வெளிநாட்டுல. இங்க இருக்கறது இந்த நிகோன் மட்டும்தான், விமானப் பொறியாளர். அவன்கிட்டக் கேட்டா, குஸ்மிச் சொன்னா பேசறேன்கிறான். குஸ்மிச்கிட்டக் கேட்டா, நிகோனை ஏன் தொந்தரவு பண்றேன்கிறார்."

மிரோன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். "நிகோனைப் பாருங்க. தலையில ஒரு தொப்பி, கையில ஒரு தொப்பி. குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கிறான் போல."

"வால்ல உக்காந்தாலும் கண்ணு நல்லாத்தான் இருக்கு உனக்கு," என்றார் ரெஜீனா.

*

அர்சேனி குஸ்மிச், இரும்புக் கதவுகள் வரிசையாக நிற்கும் கராஜ் சந்தில், ஒரு கிழட்டு ஜிகுலிக் காரின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். ஸரேச்யேயில் ஓய்வுபெற்ற ஆண்கள் எல்லோரும் இருக்கும் இடம் அதுதான். வீட்டில் மனைவி இருக்கிறாள்; கராஜில் கார் இருக்கிறது; காருக்குப் பேச வராது.

"நான் குடிச்சிருந்தேன்," என்றார் தலையை வெளியே எடுக்காமல். "எழுதியிருக்கு. படிச்சுக்கோங்க. போயிட்டு வாங்க."

"அன்னைக்கு நீ ஒரு சொட்டுக்கூடத் தொடலை," என்றார் தைசியா.

"கல்யாணமாகி முப்பது வருஷத்துல நான் குடிக்கலைன்னு நீ சொல்றது இதான் முதல் தடவை."

"வாய் திறக்க மாட்டேன்னு யாருக்கு வாக்குக் குடுத்தே? எனக்கில்லாத வாக்கா அது?"

குஸ்மிச் ஒரு ஸ்பானரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு மிரோனைப் பார்த்து, "நீ எங்க பறந்தே?" என்றார்.

"வால்ல."

"அதானே பார்த்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம் பின்னாடி பார்க்கிறதே உங்க பொழைப்பு." அதைச் சொல்கையில் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்துபோனது. "காயம்பட்ட பசங்க வீடு போய்ச் சேர்ந்தாங்க. அது போதும். கல்லுல யார் பேரு இருந்தா அவங்களுக்கு என்ன?"

காரின் மூடியை அறைந்து சாத்திவிட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கதவைத் திறந்தார். ரெஜீனா தோள்பையிலிருந்து தன் பழைய ஜெனித் கேமராவை எடுத்தார். "அப்படியே நில்லுங்க குஸ்மிச், ஒரு படம்."

குஸ்மிச்சின் உள்ளங்கை சட்டென்று முகத்துக்கு முன்னால் எழுந்தது. "இப்ப வேண்டாம். கடை முக்கு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். வந்தப்புறம் எத்தனை வேணா எடுங்க."

ஜிகுலி இருமிக்கொண்டே நகர்ந்தது. ரெஜீனா கேமராவை இறக்கவில்லை. "இது என்ன பழக்கம், மிரோன்?"

"அது ஒண்ணுமில்லை, ஆதமவ்னா. கிளம்பறதுக்கு முன்னாடி எந்த விமானியும் படத்துக்கு நிக்க மாட்டான். இறங்கி வந்தப்புறம்தான். எங்க பிரிவுல ஒருத்தன் கேமராவை நீட்டினான்னு அவன் மேல பூட்ஸை..."

மிரோன் நிறுத்தினான். வழி நெடுக பிளேடைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய வாய், கேமராவை மறந்துவிட்டிருக்கிறது. தன் தலையில் தானே ஒன்று வைத்துக்கொண்டான்.

"கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்த படமாம்," என்றார் ரெஜீனா. "வா. கர்னல் ஸெலின்ஸ்கியைப் பார்த்து வாழ்த்திட்டு வரலாம்."

"நீங்க முன்னாடி போங்க," என்றார் தைசியா. "நான் இவரைக் கூட்டிட்டு வர்றேன். வரலைன்னா இழுத்துட்டு வர்றேன்."

*

கான்கிரீட் மேடையில் நின்ற இல்-76இன் இறக்கைக்குக் கீழே மேஜை போட்டிருந்தார்கள். கருப்பு ரொட்டி, மத்தி மீன், உருளைக்கிழங்கு அடை, ரொட்டியைப் புளிக்க வைத்த க்வாஸ் பானம் ஒரு பானை. வோட்காவைத் துணி விலக்கிய பிறகுதான் திறக்க வேண்டும் என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளரான இளம் மேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே கூட்டம் கல்லைப் பார்க்காமல் மேஜைக்கடியில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிகோன் க்வாஸ் கோப்பையோடு ஒதுங்கி நின்றார்.

வலேரியான் பாவ்லவிச் ஸெலின்ஸ்கி நடுநாயகமாக நின்றார். மார்பில் பதக்கங்கள் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. அந்தக் காலத்தில் அவர் படைப்பிரிவின் அரசியல் துணைத் தளபதி. அதாவது, விமானிகளுக்கு எப்படி வாழ வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியது. பறப்பதற்கான படிப் பணம் நின்றுபோகாமலிருக்க மாதம் ஒருமுறை ஏறி இறங்க வேண்டியது. அந்த ஒருமுறையும் வானம் வெளுத்திருக்கும் நாளாகப் பார்த்துக்கொள்வார் என்பது ஊரறிந்த கதை.

"அற்புதமான படம், வலேரியான் பாவ்லவிச்," என்றார் ரெஜீனா, படத்தைத் தூக்கிக் காட்டி. "கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்ததா, வந்தப்புறம் எடுத்ததா?"

"முன்னாடி. எஞ்சின் ஓடிட்டிருக்கு. எதிர்ல மரணம். ஆனாலும் புன்னகை. கவனிச்சீங்களா?"

மிரோனுக்குப் பொறுக்கவில்லை. "கிளம்பறதுக்கு முன்னாடி எவன் படத்துக்கு நிப்பான், தோழர் கர்னல்? அது ராசியில்லையே."

கர்னல் காத்திருந்த கேள்வி போலும் அது. முகம் மலர்ந்துவிட்டது. "மத்தப் பிரிவுகள்ல நின்னிருக்க மாட்டாங்க. என் பிரிவுல மூடநம்பிக்கையை வேரோட பிடுங்கினவன் நான். கறுப்புப் பூனை, கேமரா, கிளம்பற நேரத்துல பொத்தான் தைக்கறது, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு சொற்பொழிவு. ராசி பார்க்கிறது சோவியத் விமானிக்கு இழுக்கு."

பூனை பற்றிய அந்தச் சொற்பொழிவு நிஜம்; கர்னல் அதை மிரோனின் பிரிவுக்கும் வந்து ஆற்றியிருக்கிறார். அதில் அவனே நன்றாகத் தூங்கியிருக்கிறான். கையிலிருந்த ஒரே துப்பும் ஒரு வாய்ப்பேச்சில் போய்விட்டது. மேடைப் பக்கம் மேஜர் துணியின் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ரெஜீனாவோ, தேர்வில் தேறிய மாணவியைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"அப்போ உங்க பிரிவுல யாருமே ராசி கீசின்னு பார்க்கலை."

"ஒருத்தன்கூட இல்லை."

"பெரிய சாதனைதான். ஆனா எனக்கு ஒரு வருத்தம். ராசியை ஒழிச்சவரு ஒழுக்கத்தைக் கோட்டை விட்டுட்டீங்களே." படத்தின் மேல் அவர் விரல் ஓடியது. "பாருங்க, இவ்வளவு சுத்தமான அதிகாரி பக்கத்துல முள்ளம்பன்றி மாதிரி நிக்கறாங்க பசங்க. சுவரொட்டி மாதிரி இருக்க வேண்டிய படம். யாராவது ஒரு தடவையாவது மழிக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?"

கர்னலுக்குக் காது சிவந்தது. அவர் ஒழுக்கத்தை யாரும் குறை சொன்னதில்லை. "அம்மணி, உங்களுக்கு விமானிங்களைப் பத்தித் தெரியாது. நான் சொல்லாம இருந்திருப்பேனா? பறக்கப் போற அன்னைக்குக் காலையில மழிக்க மாட்டானுங்க. கழுத்துல கத்தி வச்சாலும் மாட்டானுங்க. கேட்டா, ராசியில்லையாம்."

இறக்கையின் கீழே ஒரு விநோதமான சத்தம் கேட்டது. நிகோனுக்குப் புரையேறி, க்வாஸ் மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு ராசி பார்த்தாங்க, இல்லை பார்க்கலை," என்றார் ரெஜீனா சாதாரணமாக. "பார்க்கலைன்னா ஏன் மழிக்கலை? பார்த்தாங்கன்னா கிளம்பறதுக்கு முன்னாடி ஏன் படத்துக்கு நின்னாங்க? கேமராவுக்கு ஒரு ராசி, பிளேடுக்கு ஒரு ராசியா?"

கர்னல் இளைத்தவரில்லை, இருபத்தைந்து வருடம் மேடையில் பேசியவர். கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். "வயசாச்சு. முன்ன பின்ன மாறியிருக்கும். சரி, வந்தப்புறம் எடுத்ததாவே இருக்கட்டும். அதனால என்ன? போனதும் நான்தான், வந்ததும் நான்தான்."

"அப்படின்னா சரி," என்றார் ரெஜீனா. "கந்தஹார்ல ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க."

"கேக்கவா வேணும்? ரெண்டு ராத்திரி பதுங்குகுழியில கிடந்தோம். மேல ராக்கெட். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. குடிக்கவே தண்ணி இல்லை."

"ஐயோ பாவம். அப்போ உங்க கன்னத்தை எதை வச்சு மழிச்சீங்க?"

மேஜையருகே நின்ற கூட்டம் முதல்முறையாக வோட்காப் பெட்டியை மறந்தது. புகைப்படம் கைமாறிக் கைமாறிப் போனது. வழவழப்பான அந்த ஒரே ஒரு கன்னத்தை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு நிமிர்ந்து அசலைப் பார்த்தார்கள்.

"இவங்க எல்லாம் போயிட்டு வந்தவங்க," என்றான் மிரோன். "நீங்க வரவேற்க வந்தவரு, தோழர் கர்னல். தாஷ்கண்ட் விடுதியில வெந்நீர் வரும்னு எனக்கும் தெரியும்."

"நான் இல்லைன்னா வேற யாரு?" கர்னலின் குரல் கீச்சிட்டது. "தலைமை விமானி இல்லாம விமானம் தானா பறந்துதா? படத்துல வேற யாரும் இல்லையே."

"படத்துல இல்லை," என்றார் ரெஜீனா. "படத்துக்கு இந்தப் பக்கம் இருந்தாரு. நிகோன், தலையில இருக்கறது உங்க தொப்பி. கையில இருக்கறது யாரோடது?"

நிகோன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பார்வை கூட்டத்தைத் தாண்டிப் போனது. அங்கே, புகை விட்டுக்கொண்டு நின்ற ஜிகுலியின் பக்கத்தில் அர்சேனி குஸ்மிச். அவர் சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்தபடி தைசியா. நிகோன் வாயைத் திறந்தார். குஸ்மிச் வேண்டாமென்று தலையசைத்தார். நிகோன் வாயை மூடிக்கொண்டார்.

அத்தோடு கர்னல் சும்மா இருந்திருந்தால் பிழைத்திருப்பார். மௌனத்தைப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் திரும்பிவிட்டது. "எவனாவது குடிகாரன் போதையில விட்டுட்டுப் போன தொப்பியா இருக்கும்," என்றார். "அந்தக் காலத்துல அப்படி ஒருத்தன் இருந்தான்."

தைசியா கணவரின் சட்டைக் கையை விட்டுவிட்டார். அழவில்லை, திட்டவுமில்லை. ஜாடியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

"தொப்பி என்னோடது," என்றார் குஸ்மிச்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தைசியா நின்றுவிட்டார்.

"தொப்பி போட்டுட்டு கேமராவுல கண்ணு வைக்க முடியாது. விளிம்பு இடிக்கும். அதான் கழட்டி நிகோன்கிட்டக் குடுத்தேன்." குஸ்மிச் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கர்னலுக்கு எதிரில் நின்றார். "நாங்க இறங்கினதும் கேமராவோட ஓடி வந்தது இவருதான். அப்ப நான் மேஜர். சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு படம் வேணும், தோழர் மேஜர், நீங்களே எடுங்க, உங்க கைதான் நடுங்காதுன்னாரு. மறுநாள் நான் குடிச்சிருந்தேன்னு எழுதினதும் அதே மனுஷன்தான்."

"ஏன் எழுதினாரு?" என்று கேட்டார் இளம் மேஜர்.

குஸ்மிச் நிகோனைப் பார்த்தார். இந்தத் தடவை தலையாட்டல் வேறு மாதிரி இருந்தது. பதினேழு வருடமாக அடைத்து வைத்த வாய் அல்லவா, நிகோன் மூச்சு விடாமல் கொட்டினார்.

"கந்தஹார்ல எங்க விமானத்தோட வயிறு நிறைய ஒரு ஜெனரலோட சாமான். கம்பளம், ஜப்பான் டேப் ரெக்கார்டர், மேஜை நாற்காலி. பக்கத்துல மண்ணுல ஸ்ட்ரெச்சர் ஸ்ட்ரெச்சரா பசங்க. இடமில்லைன்னாங்க. குஸ்மிச் பின்கதவைத் திறக்கச் சொன்னாரு. எல்லாத்தையும் ஓடுபாதையில தள்ளிட்டுப் பசங்களை ஏத்தினோம். திருட்டுத்தனமா வந்த கம்பளத்தைக் காணோம்னு ஜெனரலால புகார் எழுத முடியுமா? முடியலை. ஆனா ஆளைத் தொலைக்கணும். இவரு வழி சொல்லிக் குடுத்தாரு. குஸ்மிச் அன்னைக்கு வரவே இல்லைன்னு எழுதிடலாம். ஒத்துக்கிட்டா அவரு ஒருத்தர் வேலையோட போகும். இல்லைன்னா எங்க எல்லார் சீட்டும் கிழியும். பறந்து வந்த விமானத்துக்கு ஒரு வீரர் வேணுமில்லையா, அதுக்கு இவரே தயாரா மழிச்சுட்டு நின்னாரு."

மேஜர் கல்லின் மேலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு கயிற்றை எடுத்து இன்னொரு முடிச்சுப் போட்டார். "கல் மாத்தணும்," என்றார். "அதுவரைக்கும் துணி அப்படியே இருக்கட்டும்."

"கோப்பு?" என்றார் ரெஜீனா.

"அதுவும்தான். நிகோன் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடட்டும், நானே மேல அனுப்பறேன்."

தைசியா திரும்பி வந்திருந்தார். ஜாடியை மேஜையில் வைத்து, மூடியைத் திறந்து, ஒரு காளானை எடுத்துக் கணவரின் வாயில் திணித்தார். "பையனுக்கு இன்னைக்கே போன் பண்ணு," என்றார். குஸ்மிச் மென்றுகொண்டே தலையாட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. உப்பு அதிகம் என்று காளானின் மேல் பழியைப் போட்டார்.

"ஒரு படம் எடுத்துக்கலாமா, குஸ்மிச்?" என்றார் நிகோன். "இப்பதான் எங்கேயும் பறக்கப் போறதில்லையே."

குஸ்மிச் தாடையைத் தடவிப் பார்த்தார். இரண்டு நாள் முள். சிரித்துக்கொண்டே விமானத்தின் மூக்குக்குக் கீழே போய் நின்றார். ஒரு பக்கம் நிகோன், மறுபக்கம் தைசியா. வாலுக்கும் ஒரு ஆள் வேண்டும் என்று மிரோனையும் இழுத்துக்கொண்டார்கள். ரெஜீனா தன் ஜெனித் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினார். ஆனால் கண்ணில் வைக்கவில்லை. நேராகப் போய், நழுவப் பார்த்த வலேரியான் பாவ்லவிச்சின் கையில் அதை வைத்தார்.

"நீங்களே எடுங்க, தோழர் கர்னல்."

கர்னல் மேஜரைப் பார்த்தார். "தயவு செஞ்சு எடுங்க, வலேரியான் பாவ்லவிச்," என்றார் மேஜர் மிகுந்த மரியாதையோடு. கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. கர்னல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். தொப்பியின் விளிம்பு இடித்தது. இன்னொரு தடவை முயன்றார். மறுபடியும் இடித்தது.

"கழட்டிட்டு எடுக்கணும்," என்றார் குஸ்மிச், வரிசையின் நடுவிலிருந்து.

கர்னல் தொப்பியைக் கழற்றினார். ஒரு கையில் கேமராவும் மறு கையில் தொப்பியுமாக, யாரிடமாவது கொடுக்கலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கை நீட்டவில்லை.